29,331 கோடி விட்டுப்போன கணக்கு

ஜவ்வாது மலையில் விளைகிற சரக்கு என்று பார்த்தால் சாமை, புளி, பலா, தேன். சந்தனமும் உண்டு, அதாவது இருந்தது. அது லாரி ஏறிய கதை இங்கே வேண்டாம். 1988-இல் இந்த மலை வழக்கத்துக்கு மாறாக இன்னொன்றையும் விளைவித்தது. அதன் பெயர் ராமானுஜன். கதவிலக்கம் 4130.

ஆலங்காயத்தைத் தாண்டி மலையேறினால் காவலூர். அங்கே வைணு பாப்பு வானாய்வகம். 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகனின் குழு அங்கிருந்து ஒரு குறுங்கோளைப் பிடித்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும் கற்களில் ஒன்றுதான். ஆனால் இந்திய மண்ணிலிருந்து யாராவது அப்படியொரு கல்லைக் கண்டுபிடித்து அப்போது நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடைசியாகப் பிடித்தவர் மெட்ராஸ் வானாய்வகத்தின் தலைவராக இருந்த நார்மன் போக்சன் துரை, 1885-இல், நுங்கம்பாக்கத்தில். அந்த இடைவெளிக்குள் கணித மேதை ராமானுஜன் பிறந்து, எஃப்.ஏ.வில் ஃபெயிலாகி, குமாஸ்தாவாகி, கப்பலேறி, எஃப்.ஆர்.எஸ். ஆகி, 32 வயதில் இறந்து, தபால்தலையாகி, நூற்றாண்டு விழாவும் கண்டுவிட்டார். விழா முடிந்து இரண்டு மாதம் ஆவதற்குள் கல் அகப்பட்டது. வேறு பெயர் வைத்திருந்தால்தான் ஆச்சரியம்.

பெயரில் தகராறு இல்லை. எண்ணில்தான். குறுங்கோளுக்குப் பெயரைக் கண்டுபிடித்தவர் சொல்லலாம். எண்ணைப் பொதுவாகக் கேட்டு வாங்க முடியாது. அதன் பாதை உறுதியானதும், வரிசையில் அடுத்து எது காலியோ அது கிடைக்கும். சிபாரிசு செல்லாது, ஃபேன்சி நம்பர் அபூர்வம். ஒவ்வொரு முழு எண்ணும் ராமானுஜனுக்கு நெருங்கிய நண்பன் என்று கேம்பிரிட்ஜ் கணிதர் லிட்டில்வுட் சொன்னது பிரசித்தம். அப்பேர்ப்பட்டவருக்கு ஆகாயம் கொடுத்த நண்பன் 4130.

சரி, ஆளை விசாரித்துப் பார்ப்போம். 4130 என்பது 2 × 5 × 7 × 59. காரணிகள் 16. இரண்டு கனங்களின் கூட்டலாக எழுதலாமா என்றால் ஒரு விதத்தில்கூட வராது. 16-இன் கனமான 4096 வரை வீறாப்பாக வந்து, மிச்சம் 34-ஐ வைத்துக்கொண்டு விழிக்கிறது. இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவும் வராது. விசித்திர எண் என்று ஓர் அபூர்வ ஜாதி இருக்கிறது. தன்னைத் தவிர்த்த காரணிகளை எல்லாம் கூட்டினால் தன்னைவிட அதிகம் வரும். ஆனால் அவற்றில் சிலவற்றை மட்டும் பொறுக்கி எப்படிக் கூட்டினாலும் கச்சிதமாகத் தன் மதிப்பு வராது. முதல் விசித்திர எண் 70, இரண்டாவது 836, மூன்றாவது 4030. நூறு தள்ளிப் பிறந்ததால் 4130 அந்தப் பெருமையையும் கோட்டை விட்டது.

1729-ஆவது கிடைத்திருக்கலாமே என்பீர்கள். அந்த வீட்டில் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள். அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தார் 1963-இல் கண்டுபிடித்த கல் அது, பெயர் பெரில். அங்கே ஆராய்ச்சி உதவியாளராக இருந்து, ஆயிரக்கணக்கான ஒளிப்படத் தகடுகளில் குறுங்கோள்களின் இருப்பிடத்தை அளந்து தள்ளிய பெரில் பாட்டர் அம்மையாரின் பெயர். உழைத்து வாங்கிய வீடு. காலி செய்யச் சொல்ல நமக்கு வாய் வராது.

1729-இன் டாக்ஸி கதையையும் இத்தோடு முடித்துக்கொள்ளலாம். பட்னி ஆஸ்பத்திரி, கட்டில், கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டி, சுவாரசியமில்லாத நம்பர், இரண்டு கனங்களாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண். தமிழ்நாட்டில் இதைக் கேட்காமல் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவர் இருக்க முடியாது. ஆண்டு விழாவில் ஒரு பையனைக் கட்டிலில் படுக்கவைத்து, இன்னொருவனுக்குத் தொப்பி மாட்டி, நாடகமே போட்டாகிவிட்டது. நாடகத்தில் சொல்லாமல் விடுகிற விஷயம், அந்தச் சமன்பாடு நோயாளிக்கு அந்த நிமிடம் உதித்ததல்ல என்பது. இங்கிலாந்து போவதற்கு முன்பே அவர் நோட்டில் இருந்தது. ஃபிரெனிக்கில் என்ற பிரெஞ்சுக்காரர் அதை 1657-லேயே அச்சிட்டும் விட்டார். ராமானுஜன் நிஜமாகவே வியர்வை சிந்திய எண்கள் வேறு. அவற்றில் ஒன்று இது:

6746328388800.

அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. எந்த அமைச்சர் மீதும் குற்றச்சாட்டு இல்லை. இது 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் பத்திரிகையில் ராமானுஜன் வெளியிட்ட ஒரு பட்டியலின் கடைசி வரி.

என்ன பட்டியல்? கல்யாணப் பந்தியில் 60 பேரை உட்கார வைப்பது சுலபம். இரண்டு வரிசை, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பத்து என்று எப்படிப் போட்டாலும் சமமாக வரும். 59 பேர் வந்தால் ஒரே நீள வரிசை. இல்லையென்றால் எங்காவது ஓர் இலை இடிக்கும். 59 பகா எண். உலகத்துக் கணித மேதைகளெல்லாம் இந்த 59 ஜாதியின் பின்னாலேயே இரண்டாயிரம் வருஷமாக அலைந்தார்கள். ராமானுஜன் 60-இன் பக்கம் திரும்பினார். தனக்கு முன்னால் வந்த எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் வைத்திருக்கும் எண்கள் எவை? 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720 என்று போகும் வரிசை. கடிகாரம் செய்தவனும் வட்டத்தைப் பாகை பிரித்தவனும் டஜன் கணக்கில் வாழைப்பழம் விற்றவனும் இந்த வரிசையிலிருந்துதான் எண் எடுத்திருக்கிறார்கள், தெரியாமலே. பகா எண்ணுக்கு நேர் எதிரியான இந்தக் கூட்டத்தை மகா பகு எண்கள் என்று வைத்துக்கொள்வோம்.

ஒவ்வோர் எண்ணாகச் சோதித்து ஆறே முக்கால் லட்சம் கோடிக்குப் போக முடியாது. பேனாவும் காகிதமும்தான் கையில். போர்க்கால இங்கிலாந்து வேறு, காய்கறியே கிடைக்காத ஊர். மகா பகு எண்ணின் ஜாதகம் எப்படி இருக்கும் என்று ராமானுஜன் முதலில் கண்டுபிடித்தார். அதைப் பகா எண்களின் பெருக்கலாக உடைத்தால் 2, 3, 5, 7 என்று நடுவில் ஒருவரையும் விடாமல் வர வேண்டும். அடுக்குகள் இறங்கு வரிசையில்தான் இருக்க வேண்டும்; இளையவனுக்கு மூத்தவனைவிட அதிகம் கிடைக்கக் கூடாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றுதான். விதிவிலக்கு 4, 36 இரண்டே. இப்படி வேலி போட்டுக்கொண்டால் தேட வேண்டிய காடு சுருங்கிவிடும். நம் பெரிய எண் இந்த ஜாதகத்துக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு, அப்புறம் 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. எல்லாவற்றையும் பெருக்குங்கள், 6746328388800 வரும். காரணிகள் 10,080. ஒரு வாரத்தில் எத்தனை நிமிடமோ அத்தனை.

இந்த ஆராய்ச்சிக்குத்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. கொடுத்தது. கும்பகோணம் கல்லூரியிலும் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்து வாங்க முடியாத பட்டம்.

இப்போது தணிக்கைக்கு வருவோம். பட்டியலில் 102 எண்கள் இருக்கின்றன. இருக்க வேண்டியவை 103. ஒரு வரி விட்டுப்போயிற்று. விட்டுப்போன எண் 293318625600. தொகையாகச் சொன்னால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

எழுதியவர் யார் என்பதையும் மறக்கக் கூடாது. 1912 மார்ச் 1 முதல் மெட்ராஸ் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா. மாதச் சம்பளம் 30 ரூபாய். துறைமுகப் பேரேட்டில் ஓர் அணா விட்டிருந்தால் மேலதிகாரி மேஜைக்கு முன்னால் நிற்க வைத்திருப்பார். லண்டன் பத்திரிகையில் இருபத்தொன்பதாயிரம் கோடி விட்டதற்குப் பட்டம்.

அதைவிட வேடிக்கை, விட்டுப்போன எண் எது என்று உடைத்துப் பார்த்தால் வருகிறது. 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு, 11, 13, 17, 19. ஆமாம், பெரிய எண்ணைப் படித்துக் கடைசி ஆளுக்கு முன்னால் நிறுத்தினால் வருகிற அதே ஆள். விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்! கல்யாணப் பத்திரிகையில் பேரன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுத் தாத்தாவை விட்டுவிட்டார்கள். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் எழுதிக் காட்டுவாள் என்று பக்தர்கள் சொல்வார்கள். அந்த வரியை எழுதியபோது தாயார் சற்றே கண்ணயர்ந்திருக்க வேண்டும், அல்லது நாமக்கல்லிலிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கடல் தாண்டுவதில் ஏதோ ஒரு தாமதம். என் கட்சி என்னவென்றால், இந்த விடுபடல் அவரை மனிதராக்கவில்லை, அவர் முன்பே மனிதர்தான். கனவில் வந்ததை ஈயடிச்சான் காப்பி அடித்தவர் அல்ல, கையால் கணக்குப் போட்டவர் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

விட்டுப்போன எண்ணுக்கு எத்தனை காரணிகள்? 5040. இந்த இடத்தில் மேடைக்கு பிளேட்டோ வருகிறார், அழையாமலே.

அவர் வயதான காலத்தில் 'சட்டங்கள்' என்ற நூலில் ஒரு நகரம் கட்டினார். அதில் 5040 குடும்பங்கள். ஏன் அந்த எண்? 1 முதல் 10 வரை எதனாலும் வகுபடும், 12-ஆலும் வகுபடும், தன்னைத் தவிர 59 காரணிகள். நிலம் பிரிக்க, படை பிரிக்க, வரி பிரிக்க வாகாக இருக்கும். 11-ஆல் மட்டும் வகுபடாது. அதற்கும் கிழவரிடம் வைத்தியம் இருந்தது: இரண்டு குடும்பத்தைக் கழித்துவிடுங்கள், 5038 பதினொன்றால் வகுபட்டுவிடும். அந்த இரண்டு குடும்பம் எங்கே போகும் என்று தத்துவ ஞானி கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 5040-உம் மகா பகு எண்தான். ராமானுஜன் பட்டியலில் அதை விடவில்லை.

அதே 5040 இன்னொரு வாசலிலும் நிற்கிறது. ராமானுஜனின் கட்டுரை 1915-இல் முழுதாக அச்சாகவில்லை. லண்டன் கணிதக் கழகத்துக்குப் பணமுடை. நீளமான கட்டுரையின் பின்பகுதி பெட்டிக்குள் போயிற்று. அந்தப் பின்பகுதியில் அவர் காரணிகளை எண்ணுவதை விட்டு, கூட்டத் தொடங்கியிருந்தார். ரீமான் கருதுகோள் (பகா எண்களைப் பற்றிய, இன்னும் நிரூபிக்கப்படாத ஊகம்) சரியென்றால், போதிய அளவு பெரிய எண்களுக்குக் காரணிகளின் கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டாது என்று காட்டியிருந்தார். பெட்டி மூடியே கிடந்தது. 1984-இல் கீ ராபின் என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கூர் தீட்டினார்: 5040-க்கு மேற்பட்ட ஒவ்வோர் எண்ணும் அந்த எல்லைக்குள் அடங்கினால் ரீமான் கருதுகோள் சரி, ஒன்றே ஒன்று மீறினாலும் கருதுகோள் காலி. எல்லையை மீறும் எண்களாகத் தெரிந்தவை மொத்தம் 27. அவற்றில் கடைசி ஆள் பிளேட்டோவின் நகரம். 5040-இன் காரணிகளைக் கூட்டினால் 19,344. அதற்கு அனுமதிக்கப்பட்ட எல்லை சுமார் 19,237. நூற்றுச் சொச்சம் அதிகம். அந்த இரண்டு குடும்பத்தைக் கழித்திருந்தால் பிளேட்டோ சட்டத்துக்குள் வந்திருப்பார். 28-ஆவது குற்றவாளியைப் பிடித்துக் கொடுப்பவர் ரீமான் கருதுகோளைப் பொய்யாக்கிய பேரோடு வாழலாம்.

பெட்டிக்குள் கிடந்த பகுதி ராமானுஜனின் கையெழுத்தாகவே, 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்ற பெயரில் வந்த தொகுப்பில் இடம்பெற்றது. அதை 1987 டிசம்பர் 22 அன்று, நூற்றாண்டு நாளில், சென்னையில் வெளியிட்டவர் பிரதமர் ராஜீவ் காந்தி. முதல் பிரதி ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாள் கையில். ஒழுங்காக அச்சுக் கோத்து, குறிப்புகளோடு அந்தப் பகுதி ஒரு கணித இதழில் வெளிவந்தது 1997-இல். முன்பகுதி அச்சாகி 82 வருஷம். கட்டுரை திரும்பி வரவில்லையே என்று இனி எந்த எழுத்தாளரும் புலம்ப வேண்டாம். வெளியிட்டவர்கள் ஜான்-லூயி நிக்கோலாவும், அதே கீ ராபினும்.

ராஜீவ் காந்தி அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஜவ்வாது மலைக்கும் வந்து போயிருந்தார். 1986 ஜனவரி 6. காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி. அதற்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்பு பெயர். பாப்பு அதைப் பார்க்கவில்லை, 1982-லேயே போய்விட்டார். கொடைக்கானலில் சூரியனைப் பார்க்க மலை இருந்தது. இரவு வானத்துக்குத் தோதான இடம் வேண்டும் என்று தேடி, விளக்கு வெளிச்சமில்லாத இந்தக் காட்டைப் பிடித்தவர் அவர்தான். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கினார்கள். 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி ஜெர்மனியிலிருந்து வந்தது. 1977-இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது காவலூர் கண்ணும் அதன்மேல் இருந்தது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்ற சேதி அந்த இரவின் பதிவுகளிலிருந்துதான் உலகத்துக்குத் தெரிந்தது.

ஆனால் ராமானுஜனைப் பிடித்தது பிரதமர் திறந்துவைத்த பெரிய தொலைநோக்கி இல்லை. பக்கத்தில் ஒரு சின்ன ஷ்மிட் தொலைநோக்கி. பெரியது வானத்தில் ஒரு துளியைத்தான் உற்றுப் பார்க்கும்; ஷ்மிட் அகலமாகப் படம் எடுக்கும். ஒரே இடத்தை இடைவெளிவிட்டு எடுத்த படங்களில் நட்சத்திரம் அசையாது, கல் மட்டும் நகர்ந்திருக்கும். 1987-இல் தொடங்கிய இந்தத் தேடலுக்கு வைத்த பெயர் 'கல்கி'. பொன்னியின் செல்வன் கல்கி இல்லை. யுகத்தை முடித்துவைக்கக் குதிரையில் வரப்போகிறவர். உலகத்தில் கல் வந்து விழுமோ என்று பார்க்கிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த வெள்ளைக்காரனும் யோசித்திருக்க மாட்டான். ராமானுஜனைத் தவிர இன்னும் மூன்று கற்கள் காவலூர்க் கணக்கில் உண்டு: 5178 பட்டாழி, 7564 கோகுமேனன், 8348 பட்டாச்சார்யா. அவதாரம் வந்த வேலை அத்தனைதான்.

எண்ணைக் கொடுத்த குறுங்கோள் மையம் இருப்பதும் கேம்பிரிட்ஜில்தான். இது மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜ். ஆக ஒரு கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது, இன்னொன்று கதவிலக்கம் கொடுத்தது. 4130-க்குக் கீழே கடைசி மகா பகு எண் 2520, மேலே அடுத்தது 5040. இரண்டுக்கும் நடுவில் நம்மவர் மாட்டிக்கொண்டார். 5040 கிடைத்த அதிர்ஷ்டசாலி பிளேட்டோகூட இல்லை. டேவிட் ரபினோவிட்ஸ் என்ற, தானே குறுங்கோள் வேட்டையாடுகிற வானியலாளர். பிளேட்டோவுக்குக் கிடைத்தது 5451. எட்டே காரணிகள். நகரத்தையெல்லாம் கட்டிவிட்டுக் கிழவர் வாடகை வீட்டுக்குப் போன மாதிரி ஆயிற்று. விட்டுப்போன 293318625600 எந்தக் கல்லுக்கும் கிடைக்கப்போவதில்லை. இதுவரை எண் வாங்கிய கற்கள் சில லட்சம்தான்.

ஹார்டி பெயரிலும் ஒரு கல் உண்டு. 2866 ஹார்டி. கேம்பிரிட்ஜ்காரர்கள் சந்தோஷப்படுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பெயர்ப்பலகையைப் படித்துவிடுவது நல்லது: 2865 லாரல். ஒல்லி ஒருவர், குண்டு ஒருவர், தலையில் ஏணி விழும், அந்த ஹார்டி.

கணித ஹார்டி ஒருமுறை கணிதத் திறமைக்கு மார்க் போட்டாராம். கணிதர் எர்டிஷ் சொல்லிப் பரவிய கதை. தனக்கு 25, லிட்டில்வுட்டுக்கு 30, ஹில்பெர்ட்டுக்கு 80, ராமானுஜனுக்கு நூற்றுக்கு நூறு. ஹார்டியைப் போல நாலு மடங்கு. 2866-ஐ உடைத்தால் 2 × 1433, இரண்டும் பகா எண்கள், எனவே காரணிகள் நான்கு. 4130-க்குப் பதினாறு. விகிதம் அப்படியே இருக்கிறது, ஹார்டிதான் ஆள் மாறிவிட்டார்.